ஆட்டிறைச்சி றோல்ஸும் உத்தரிக்கிற மலையும்

கிளறிற்றாவுக்கு வாய் சும்மா இருக்காது. பாஷையூர்க் கடற்கரையில் பிறந்தவள்; காற்றை மிஞ்சிப் பேசித்தான் பழக்கம் என்பாள். பலெர்மோவில் வீடு துடைத்த காலத்தில் ஞாயிறு தோறும் சாந்தா ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறி, அந்தப் புனிதையோடும் ஒரு சண்டை பிடித்துவிட்டுத்தான் இறங்குவாள். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவள், இப்போது மோர்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறாள். கறட்டை ஒதுக்குகிற பிள்ளைகளை, "நரகத்திலை கறட் மட்டும்தான் குடுப்பினம்" என்று தமிழிலேயே வெருட்டுவாள். ஒன்றும் விளங்காமலே அதுகளும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிடும்.

நரகம் அவள் வாயில் வந்து குந்தியதற்குக் காரணம் பங்குச் சுவாமி. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்ததும், கோயில் மண்டபத்தில் தேத்தண்ணியோடு, ஐரோப்பாவின் பழைய கிறிஸ்தவப் புலவர்கள் மறுவுலகத்தைப் பாடிய பாட்டுகளைக் கதையாகச் சொல்வார். கீழே எரிகிற பள்ளம், நடுவில் ஆத்துமாக்கள் பாவக்கறை தீருமட்டும் ஏறுகிற உத்தரிக்கிற மலை, மேலே மோட்சம்.

"மலையிலையும் நோவுதான். ஆனா முடிவு இருக்கெண்டு தெரிஞ்சபடியால் பாடிக்கொண்டு ஏறுவினம். நரகத்திலை ஒருத்தரும் பாடுறேல்லை. உயிரோடை இருக்கிற ஆக்கள் செபிச்சா, மலையிலை இருக்கிற ஆத்துமாவுக்கு நாள் குறையும்" என்பார் சுவாமி. கிளறிற்றா முன்வரிசையில் இருந்து வாய் பிளந்து கேட்பாள்.

தேத்தண்ணிக்கு றோல்ஸ் செய்து கொடுப்பவள் அவளுடைய உயிர்ச் சிநேகிதி நிர்மலா. ஒரு வெள்ளிக்கிழமை நிர்மலாவுக்கு வேலைத்தலத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. வீட்டுத் திறப்பைக் கிளறிற்றாவிடம் கொடுத்து, "பிரீசரிலை இடப்பக்கப் பெட்டி மீன் றோல்ஸ், கோயிலுக்கு. வலப்பக்கம் ஆட்டிறைச்சி, என்ரை மகன் நிஷாந்தின்ரை பிறந்தநாளுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிளறிற்றா போனில் பலெர்மோத் தங்கச்சியோடு ஊர்ப்புதினம் கதைத்தபடி, கைக்கு எட்டின பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பொரித்தாள். றஸ்க் தூளில் புரட்டிப் பொரித்த பிறகு மீனென்ன, ஆடென்ன, வெளியே எல்லாம் ஒரே முகம்தான்.

தவக்கால வெள்ளி சுத்தபோசன நாள், இறைச்சி தொடக் கூடாது. "இண்டைக்கு மீன் அந்தமாதிரி!" என்று சனம் கேட்டுக் கேட்டுத் தின்றது. தட்டு காலியாகிற நேரத்தில்தான் கோயில் காரியங்கள் பார்க்கிற சிவதர்ஷன் கத்தினார்: "ஐயோ, இது மீனில்லை, ஆடு!" கத்திவிட்டு, கையில் மிச்சம் இருந்த பாதியையும் வாய்க்குள் போட்டார்.

"தெரியாமல் திண்டால் பாவமில்லை. சிவதர்ஷன் மட்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்கோ" என்று சுவாமி சிரித்தார். சனம் சிரிக்கவில்லை. நிர்மலாவுக்குக் கொழுப்பு என்றது. அவளுக்குச் சொல்லியிருந்த ஈஸ்டர் றோல்ஸ் ஓடரை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும் என்றது. பாவி மகள் கிளறிற்றா, ஊர் வாயையெல்லாம் அடக்கக்கூடியவள், அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டாள்!

அந்தக் கிழமை முழுக்க அவளுக்குச் சமைக்கும்போது வழக்கமாக வருகிற பாட்டு வரவில்லை. பாட்டு வரவில்லை என்றதும் சுவாமி சொன்ன நரகம் ஞாபகம் வந்தது. நிர்மலா எப்போதும்போலப் போன் எடுத்தாள்; றோல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அடுத்த வெள்ளி சுவாமி ஒரு பாலத்தின் கதை சொன்னார். மாவு திருடிய ஆலைக்காரன் ஒருவன், அந்த மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நெருப்பாற்றைக் கடக்க வேண்டும். ஒளிக்க ஒளிக்க மூட்டை பாரமாகும், பாலம் ஒடுங்கும்...

"சுவாமி, நிப்பாட்டுங்கோ!" கிளறிற்றா எழும்பிவிட்டாள். "அந்த மூட்டை என்ரை தலையிலைதான் இருக்கு. பெட்டியை மாறி எடுத்தது நான். நிர்மலாவிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் அவளைப் பேசேக்கை நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான்." சொல்லி முடித்து விம்மி விம்மி அழுதாள்.

மண்டபம் அப்படியே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்த நிர்மலா எழும்பினாள். "ஈஸ்டர் ஓடர் எனக்குத்தானே?" என்று கேட்டாள். சிவதர்ஷன் அவசரமாகத் தலையாட்டினார். "அப்ப ஈஸ்டருக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை விடிய இவள் என்ரை வீட்டை வரவேணும். எல்லா றோல்ஸும் இவள்தான் சுத்துறாள். அதுதான் தண்டனை."

அந்தச் சனிக்கிழமை கிளறிற்றா மாவுக் கையோடு றோல்ஸ் சுற்றினாள், சுற்றினாள், இடுப்பு முறியச் சுற்றினாள். மத்தியானம் ஆக முதல் அவளை அறியாமலே பாட்டு வந்துவிட்டது. நிர்மலா அடுப்படியில் நின்று சிரித்தாள்.

"பாடுறாய். அப்ப நீ மலைக்கு வந்திட்டாய்."

"நீ பெட்டியைப் பற்றிக் கேக்கவே இல்லையேடி?"

"அண்டைக்கு வந்து பிரீசரைத் திறக்கவே தெரியும். மீன் அப்பிடியே கிடந்தது. உயிரோடை இருக்கிற ஆக்கள் செபிச்சா நாள் குறையும் எண்டு சுவாமி சொன்னவரெல்லே? நீயா வாய் திறக்கவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபம் சொன்னனான்."

கிளறிற்றாவுக்குக் கண் முட்டிவிட்டது. மாவுக் கையாலேயே துடைத்தாள். "பிறகேன் ஒரு கிழமை எடுத்தது?"

"மாதாவுக்கும் குழம்பியிருக்குமடி. இவ்வளவு காலமும் உன்ரை வாயை மூடச் சொல்லித்தானே கேட்டனான்."