சவரிமுத்து முதலாளியா, தொழிலாளியா?

திண்டுக்கல்லில் நான் தோல் பதனிடும் ஷாப் தொழிலாளர் சங்கத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எந்தக் கோஷ்டியிலும் சேராதவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், ஐம்பதுகளின் கடைசியிலிருந்து மற்ற சங்கங்களும் தேர்தல் அதிகாரியாக என்னைக் கூப்பிட ஆரம்பித்தன. சுருட்டுச் சங்கம், மில் சங்கம், பூட்டுச் சங்கம் என்று ஒன்று விடாமல் போயிருக்கிறேன். கிடைப்பது ஒரு டீயும் இரண்டு தரப்பின் ஏச்சும்தான். ஓட்டு எண்ணுவது பெரிய வேலையே இல்லை. யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சொல்வதற்குள்தான் ஆவி போய்விடும்.

பூட்டுச் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு இரண்டே மனுக்கள். ஒருவர் முனியாண்டி, பெரிய பட்டறையில் வேலை. மற்றவர் சவரிமுத்து. இவர் முதலாளியிடம் இரும்பும் தகடும் வாங்கிக்கொண்டு போய், நாகல்நகர் வீட்டிலேயே பூட்டு செய்து கொடுப்பவர். பூட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அப்படி வீட்டில் வேலை பார்த்தவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். அவர்களுக்காகப் பேச அதுவரை சங்கத்தில் ஆளே கிடையாது. அதனால் சவரிமுத்து நிற்கிறார் என்றதும் அந்தத் தெருவே கூடி வந்து மனுத் தாக்கல் செய்தது.

பரிசீலனை அன்று முனியாண்டி ஆட்சேபணை கொடுத்தார். "ஆள் வைத்து வேலை வாங்குபவர் நிர்வாகப் பதவிக்கு நிற்கக் கூடாது" என்பது சங்க விதி.

"சவரிமுத்து ஆள் வச்சிருக்காருங்கய்யா" என்றார்.

"யாரு அந்த ஆளு?"

"அவரு சம்சாரம்."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன தேர்தலில் அண்ணன் மகனைச் சம்பளமில்லாமல் கூட வைத்திருந்த ஒருவரை இதே விதியைக் காட்டி நீக்கியிருந்தார்கள். உறவு, கூலி என்றெல்லாம் விதியில் ஒரு சொல் கிடையாது. ஆள் என்றால் ஆள்தான்.

"பொண்டாட்டிய எவனாச்சும் ஆளும்பானா?" என்று சவரிமுத்து எகிறினார்.

"ஏலே, அது ஒரு நாளைக்கு அரத்தால ராவுற சாவிய எங்க பட்டறையில ரெண்டு ஆம்பள ராவ மாட்டான். பெறகு அது ஆளில்லாம என்ன?" என்றார் முனியாண்டி.

சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் வாசலில் நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க பூட்டு வேலை பாக்கறீங்களாம்மா?"

கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "பாக்குறேன்னு சொன்னா என்னாகும் ரைட்டரய்யா?"

"அவர் நிக்க முடியாது."

"என்னையச் சங்கத்துல சேப்பீங்களா?"

"தொழிலாளின்னா சேரலாம். ஓட்டும் போடலாம்."

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான்."

"ஆமாம்மா."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "வீட்டுல சும்மாதான் இருக்கேன்னு எழுதிக்கங்க" என்றார்.

"கையக் காட்டச் சொல்லுங்கய்யா" என்றார் முனியாண்டி.

அந்த அம்மாள் தயங்காமல் இரண்டு கையையும் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. "அடுப்புக் கரி" என்றார். அடுப்புக் கரி மினுங்காது. அரத்தால் ராவிய இரும்புப் பொடி மினுங்கும். அங்கிருந்த எல்லோரும் பூட்டுக்காரர்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. முனியாண்டியும் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தப்பட்டவரே சொன்ன பிறகு வேறு சாட்சி இல்லை. 'மேற்படியார் மனைவி வீட்டில் இருப்பவர், தொழில் எதுவும் செய்யவில்லை, மனு ஏற்கப்பட்டது' என்று எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டினேன். சவரிமுத்து ஜெயித்தார். தெருவில் வெடி போட்டார்கள். எனக்கும் மாலை போட வந்தார்கள், வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் கூலிப் பேச்சுவார்த்தை வந்தது. பொதுவான ஆளாக என்னையும் உட்கார வைத்தார்கள். முதலாளி நல்ல கணக்குக்காரர். "வீட்டுல வேலை பாக்குற ஒரு ஆளு வாரத்துக்கு இம்புட்டுப் பூட்டு குடுக்குறாரு. பட்டறையில ஒருத்தன் செய்யுறதுக்கு அது ரெண்டு பங்கு, காசும் ரெண்டு பங்கு வாங்குறாரு. இதுக்கு மேல எதுக்கப்பு கூலி?" என்றார்.

"அது ஒரு ஆளு வேலை இல்லீங்க மொதலாளி. வீட்டுல பொம்பளைகளும் சேந்து செய்யுறாக" என்றார் சவரிமுத்து.

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "உம்ம சம்சாரம் ஒரு தொழிலும் செய்யலைன்னு உங்க சங்கச் சுவத்துலதானே ஒட்டியிருந்துச்சு? ரைட்டரும் இங்கதானே இருக்காரு, கேளும்."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். ஒட்டியது உண்மைதான் என்று தலையாட்டினேன். வீட்டுப் பூட்டுக்குக் கூலி ஒரு காசு ஏறவில்லை.

மறுநாள் காலையில் ஆரோக்கியம் தனியாக என் வீட்டுக்கு வந்தார். "அந்தத் தீர்ப்ப மாத்த முடியுமாய்யா?"

"மாத்தினா அவர் பதவி போயிரும்மா. தேர்தல் முடிஞ்ச பிறகு மாத்த எனக்கு அதிகாரமும் கிடையாது."

"பதவி போனாப் போகுது. நான் வேலை பாக்கலைன்னு மொதலாளி சொன்னாப் பொறுத்துக்கிருவேன். எங்க சங்கமே சொல்லிருச்சேய்யா." அழவில்லை. சொல்லிவிட்டு, பூட்டு கொடுக்க நேரமாச்சு என்று போய்விட்டார்.

விதிப்படி பார்த்தால் இன்றைக்கும் அது சரியான தீர்ப்புதான். எத்தனையோ தகராறுகளைத் தீர்த்தேன், பலவற்றில் யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதுகூட மறந்துவிட்டது. இது மட்டும் விடமாட்டேன் என்கிறது. இனித் தேர்தல் நடத்தப் போகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாதி, பிரதிவாதி இரண்டு பேரை மட்டும் விசாரித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நிற்காத, ஓட்டுப் போடாத மூன்றாவது ஒருவருக்கு அந்தத் தீர்ப்பால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கேட்ட பிறகும் சில சமயம் அதையேதான் எழுத வேண்டியிருக்கும். ஆனாலும் கேளுங்கள்.