அஸ்தாவின் இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள்

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அஸ்தாவின் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினால் எனக்குக் கேட்கும். நான் வானொலியைச் சத்தமாக வைத்தால் அவள் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் ஊரான ஹிர்ட்ஷால்ஸின் துறைமுகத்து மீன் ஆலையில் கத்தி பிடித்தவள் அவள். கணவர் தோர்கில் இழுவைப்படகில் கடலுக்குப் போனவர். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன் பிறகு கரையிலிருந்தபடி மற்றவர்களின் வலைகளைத் தைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. எப்போதும் ஒரு பூனை மட்டும் இருக்கும்.

கடைசியாக இருந்தது பெல்லே, செம்பட்டை நிறக் கடுவன் பூனை. ஆலை வாசலில் யாரோ விட்டுப்போன குட்டி. அஸ்தா கையுறைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திரைச்சீலையில் ஏறுவான், அலமாரி உச்சியிலிருந்து தோர்கிலின் தோளுக்குத் தாவுவான், வெண்ணெய்க் கிண்ணத்தில் கால் வைத்துவிட்டு மேசை விரிப்பெல்லாம் நடப்பான். தோர்கில் அவனைத் திட்டி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

டிசம்பர் வந்தால் அந்த வீட்டில் அஸ்தாவின் சட்டம்தான். எங்கள் ஊரில் இன்றும் கிறிஸ்துமஸ் மரத்தில் நிஜ மெழுகுவத்திதான் ஏற்றுவோம். மின்விளக்கு மாட்டினால் அது மரமே இல்லை என்பார்கள். அஸ்தாவும் மெழுகுவத்தியை விட்டுக்கொடுக்கவில்லை, பூனையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் காக்க அவள் படாத பாடுபட்டாள். மரத்தின் உச்சியைக் கூரைக் கொக்கியோடு மீன்வலை நூலால் கட்டுவாள். நடுத்தண்டை ஜன்னல் தாழ்ப்பாளோடு இன்னொரு நூலால் இழுத்துக் கட்டுவாள். பூனை விழுங்கினால் குடலில் சிக்கும் என்பதால் ஜிகினா இழை வீட்டுக்குள் வரவே கூடாது. கண்ணாடி உருண்டைகளும் காகித இதயங்களும் மேல் கிளைகளில் மட்டும்தான். மரம் நிற்கும் தொட்டித் தண்ணீரைப் பூனை குடிக்காதபடி துணி போட்டு மூடுவாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நீளக் குச்சி நுனியில் கட்டிய ஈரப் பஞ்சு. மெழுகுவத்தி எரியும் நேரமெல்லாம் பெல்லே அடுப்படியை ஒட்டிய துணி துவைக்கும் அறையில் இருக்க வேண்டும். அறைக்குள் ஒரு மீன்தலை வைத்து, கதவைச் சாத்தி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே தீக்குச்சியைத் தொடுவாள்.

"கேப்டன் உத்தரவு இல்லாம இந்த வீட்டுல ஒரு திரி எரியாது, லிஸ்பெத். கடல்லகூட நான் இவ்வளவு கயிறு பாத்ததில்ல" என்பார் தோர்கில் என்னிடம்.

"நீ பேசாம பைப்பைப் புடி. அதையும் வெளில போய்ப் புடி" என்பாள் அவள்.

நான் வேலை பார்க்கும் ரொட்டிக்கடைக்கு வாங்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "அஸ்தா மரத்தைக் கட்டியாச்சா? புயல் எச்சரிக்கை குடுத்துட்டாங்களா?" கேலி செய்தவர்களே வீட்டில் குட்டி வளர்க்க ஆரம்பித்ததும் அவளிடம் போய் யோசனை கேட்பார்கள். அவள் அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் இரவு நல்லபடியாகப் போனது. வாத்து வெந்தது. மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடினோம். தோர்கிலுக்கு மூச்சு வாங்கியதால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலால் தாளம் போட்டார். மெழுகுவத்தியெல்லாம் அணைத்துப் பெல்லேயைத் திறந்துவிட்டதும், அவன் நேராக வந்து மரத்தடியில் காகிதங்களுக்குள் புரண்டான்.

இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள், அதாவது இருபத்தாறாம் தேதி, மதியம் பக்கத்து நகரமான யோரிங்கிலிருந்து தோர்கிலின் தங்கை டாக்னி காரில் வந்தாள். விதவை. வாய் ஓயாது, மனசில் ஒன்றும் இல்லாதவள். கையில் ஒரு மேசை அலங்காரம் கொண்டுவந்தாள். களிமண் உருண்டையில் தடித்த சிவப்பு மெழுகுவத்தி ஒன்றை நட்டு, சுற்றிக் காய்ந்த பாசியும் ஊசியிலைக் கொப்பும் பைன் காய்களும் செருகியிருந்தாள். நான் ரை ரொட்டி கொடுக்கப் போயிருந்தபோது அவள் அதை மேசை நடுவில் வைத்துத் தானே கொளுத்துவதைப் பார்த்தேன்.

"நானே செஞ்சது. அழகா இல்ல?"

"அழகுதான்" என்றாள் அஸ்தா. அவள் கண் பாசியின் மேலேயே இருந்தது. பிறகு பெல்லேயைத் தூக்கிப் போய்த் துணி துவைக்கும் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு மெழுகுவத்திக்கே அவனுக்கு ஜெயிலா?" என்று டாக்னி சிரித்தாள்.

"அவனுக்கு வால் நீளம்" என்றாள் அஸ்தா.

சாப்பாட்டுத் தட்டுகளுக்கு இடம் வேண்டியிருந்ததால், அஸ்தா அந்த அலங்காரத்தை எடுத்துப் போய் அடுப்படி ஜன்னல் திண்டில் வைத்தாள். விருந்தாளி ஏற்றியதை விருந்தாளியின் முன்னால் ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. டாக்னி கிளம்பியதும் அணைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறாள்.

டாக்னி கிளம்பும் நேரத்தில் பனி கொட்டியிருந்தது. கார் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. தோர்கில் கத்தினார், டாக்னி அதற்கு மேல் கத்தினாள். மண்வெட்டியோடு நான் ஓடினேன், எதிர் வீட்டுக்காரர்கள் ஓடினார்கள், அஸ்தா மேலங்கிகூடப் போடாமல் வந்து பின்னாலிருந்து தள்ளினாள். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. கார் ஒருவழியாக நழுவித் தெருமுனையில் திரும்பியது. டாக்னி ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டே போனாள். தோர்கில் மூச்சு வாங்க வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் கருகல் வாடையைப் பிடித்தது அவர்தான். "யார் வீட்டுல என்ன கருகுது?" என்றார்.

அடுப்படி ஜன்னல் உள்ளுக்குள் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குப் பின்னால் திரைச்சீலை எரியும் வெளிச்சம். அஸ்தா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"பெல்லே!"

தோர்கில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் ஓடவில்லை. படகில் தளத்தைக் கடப்பதுபோலத் தலையைக் குனிந்து, சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டு நடந்தே போனார். அஸ்தா பின்னாலேயே பாய்ந்தாள். எதிர் வீட்டுக்காரரும் நானும் அவளைப் பிடித்துக்கொண்டோம். பிடித்திருந்த என் கையை அவள் கடித்தாள்.

துணி துவைக்கும் அறைக்குக் கொல்லைப் பக்கம் ஒரு கதவு உண்டு. பனிக்காற்றுக்காக உள்ளேயிருந்து தாழ் போட்டிருந்தது. நாங்கள் சுற்றிக்கொண்டு ஓடியபோது அந்தத் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. செம்பட்டையாக ஒன்று பனியில் பாய்ந்து வேலிக்கு அடியில் மறைந்தது. அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. தோர்கில் அதன் மேலேயே சாய்ந்து விழுந்திருந்தார்.

கதவை நெம்பித் தள்ளி, அவரை இழுத்து வெளியே கிடத்தினோம். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. எல்லாம் புகைதான். ஏற்கெனவே பழுதான நெஞ்சு அந்தப் புகையைத் தாங்கவில்லை. யோரிங் மருத்துவமனையில் கண் திறக்காமலே கிடந்து, புத்தாண்டு பிறப்பதற்கு முன் போய்விட்டார். தீ என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அடுப்படி மட்டும்தான் போனது. கூடத்தில் மரம் கட்டிய நூல்களோடு அப்படியே நின்றது.

தீயணைப்பு அதிகாரி விசாரிக்க வந்தபோது அஸ்தா என் வீட்டில் இருந்தாள். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஜன்னல்ல இருந்த மெழுகுவத்தி யாரோடது?" என்று கேட்டார் அவர்.

"என்னுது. நான்தான் செஞ்சேன், நான்தான் கொளுத்தினேன், அணைக்க மறந்துட்டேன்."

அவர் போனதும் நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அஸ்தா, நான் என் கண்ணால பாத்தேன். எதுக்கு அப்படிச் சொன்னே?"

"டாக்னிக்கு இருந்தது ஒரே அண்ணன். அவளுக்கு அந்த இழப்பு போதும்" என்றாள். "நீயும் வாயைத் திறக்காதே."

ஊர் வாய் சும்மா இருக்குமா? ரொட்டி வாங்க நின்றவர்கள் என் காது கேட்கவே பேசினார்கள். "எல்லாருக்கும் பாடம் எடுத்தவ, தன் வீட்டுல பாசியில திரியை நட்டு வச்சிருக்கா பாரு." "ஒரு பூனைக்காகப் புருஷனை அனுப்பியிருக்கா." நான் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் பேசியதை அவளிடம் வந்து சொல்லவும் முடியவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பெல்லே அன்று மாலையே என் கொல்லைக்கு வந்துவிட்டான், மீசை கருகி, இருமிக்கொண்டு. நான் உள்ளே விட்டேன். அடுப்படியைச் செப்பனிட்டு அஸ்தா தன் வீட்டுக்குத் திரும்பியபோது அவனையும் தூக்கிக் கொடுத்தேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உங்கிட்டயே இருக்கட்டும், லிஸ்பெத். அவனைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

வெறுப்பில்லை அது. ஆலையிலிருந்து வரும்போது என் வாசல்படியில் ஒரு பொட்டலம் மீன்தலை வைத்துவிட்டுப் போவாள். அவன் ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பான். அவள் தலை நிமிராமல் தன் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது. நான் வேண்டுமென்றே வானொலியைக் கூட்டி வைத்தேன். அவள் தட்டவில்லை.

இப்படியே அடுத்த டிசம்பரும் கழிந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவள் வீட்டில் மரமும் இல்லை, திரியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்னி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். அஸ்தாவின் கதவைத் தட்டத் துணியாமல் என் கதவைத் தட்டினாள். நிறைய மெலிந்திருந்தாள். நான் சுவரில் தட்டி அஸ்தாவை வரச் சொன்னேன். பெல்லே அடுப்பின் அருகே தூங்கிக்கொண்டிருந்தான். அஸ்தா அவனைப் பார்க்காத பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

டாக்னி அங்கியைக்கூடக் கழற்றவில்லை. "நான் கொளுத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. அடக்கத்தன்னிக்கே ஞாபகம் இருந்துச்சு. நீ உன்னுதுன்னு சொன்னேன்னு கேள்விப்பட்டேன். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. ஊர் உன்னைப் பேசுதுன்னும் தெரியும். அப்பவும் வரல. என்னை ஏதாவது சொல்லு, அஸ்தா. அடி. எதாவது செய்."

அஸ்தா அவள் கையைப் பிடித்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இதையா இவ்வளவு நாள் சுமந்துகிட்டுக் கிடந்தே? டாக்னி, அந்த மெழுகுவத்தியப் பத்தி நான் நெனச்சதே இல்ல. மெழுகுவத்தி எரியும். அதுக்குத்தான் இருக்கு. அணைச்சிருக்க வேண்டியவ நான். அதுவும் போகட்டும். நான் கத்தினேன். வாசல்ல தோர்கில் பத்திரமா நின்னுகிட்டிருந்தான். நான் பெல்லேன்னு கத்தினேன்."

"நீ கத்தலேன்னாலும் அவன் போயிருப்பான். எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல கிணத்துல விழுந்த கோழிக்காக எறங்கினவன்."

"போயிருக்கலாம்" என்றாள் அஸ்தா. "ஆனா நான் கத்தினேன். அவன் என் முகத்தைப் பாத்துட்டுத்தான் போனான்."

டாக்னி எழுந்து வந்து அவள் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அஸ்தா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அழவில்லை. காபி ஆறிப்போனது.

மறுநாள் கடையில் கூட்டமாக இருந்த நேரம் டாக்னி உள்ளே வந்தாள். வரிசையில் நிற்காமல் நேராக மேடைக்கு முன்னால் வந்து எல்லார் பக்கமும் திரும்பி நின்றாள். "எங்கண்ணன் வீட்டுல தீப்பிடிச்சது நான் கொண்டுவந்து நான் கொளுத்தின மெழுகுவத்தியால. அஸ்தா என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னா. இனிமே பேசணும்னா என்னைப் பேசுங்க. யோரிங்குல இருக்கேன், வீடு தெரியாதவங்க கேட்டுக்கோங்க." முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெளியே போனாள். அன்று மாலை இரண்டு பேர் அஸ்தா வீட்டுக்கு இஞ்சி பிஸ்கட் டப்பாவோடு போனார்கள். அவள் வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

டாக்னி சொன்னதால் அஸ்தாவுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவள் மனசு கனத்தது ஊர்ப் பேச்சால் அல்லவே. ஆனால் மார்ச் மாதம் ஒரு நாள் என் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பெல்லே தானாக எழுந்து வந்து அவள் மடியில் ஏறினான். அவள் தள்ளவில்லை, தொடவும் இல்லை. கைகள் இரண்டும் மேசை மேலேயே இருந்தன. அவன் இரண்டு சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்துக் கண்ணை மூடினான்.

"கனமாயிட்டான்" என்றாள்.

"உன் மீன்தலைதான்."

அதற்குப் பிறகு தினமும் ஆலை விட்டு வந்ததும் என் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவனைத் தன் வீட்டுக்கு மட்டும் அழைத்துப் போகவேயில்லை. கிறிஸ்துமஸுக்கு ரயிலேறி டாக்னி வீட்டுக்குப் போவாள், மூன்றாம் நாள் திரும்பிவருவாள். நன்றாகச் சாப்பிட்டோம், டாக்னிதான் பேசிக்கொண்டே இருந்தாள் என்பாள்.

பெல்லே கிழடாகிச் சிறுநீரகம் கெட்டபோது மருந்தை வெண்ணெயில் குழைத்து ஊட்டியவள் அஸ்தாதான். கடைசி மதியம் அவள் மடியில்தான் கிடந்தான். அப்போதுதான் முதன்முறையாக அவள் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து கொல்லைக்குப் போய்க் காயப்போட்ட துணிகளை எடுக்க ஆரம்பித்தேன்.