எழுத்து நாள்

நாங்கள் இருப்பது ஜட்லாந்தின் ஒதுக்குப்புறம். ஸ்கீவ நகரிலிருந்து வரும் பஸ்ஸுக்கு எங்கள் ஊர்தான் கடைசித் தரிப்பிடம். இங்குள்ள டேனிஷ்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது திருமணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்தால், அன்று காலை அயலவர்கள் சத்தமில்லாமல் வந்து வீட்டு வாசலைச் சுற்றிப் பச்சைக் கிளைகளால் வளைவு கட்டுவார்கள். பிறகு பாட்டுப் பாடித் தம்பதியை எழுப்புவார்கள். வீட்டுக்காரர் பாணும் கோப்பியும் கொடுக்க வேண்டும்.

எத்தனையோ வாசல்களில் கிளை கட்டி நானும் கை கீறிக்கொண்டிருக்கிறேன். எங்களுடைய இருபத்தைந்து ஆகஸ்டில் வரவிருந்தது. எங்களுக்கும் கட்டுவார்களா என்ற யோசனை தை மாதமே என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த வீதி எங்களைத் தன் ஆட்களாக எண்ணுகிறதா இல்லையா என்று அன்று தெரிந்துவிடும். வாய்விட்டுக் கேட்க ரோசம் விடவில்லை.

"நாள் தெரிஞ்சாத்தானே கட்டுவினம்? நீர் சும்மா இரும்" என்றார் என் கணவர்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு வாசலில் பாட்டு. கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "இன்றைக்கு இல்லையே!" என்று டேனிஷில் சொல்லிவிட்டார். பாட்டு நின்றது. எல்லோர் முகமும் சுருங்கிப்போனது.

முன்னால் நின்ற பக்கத்து வீட்டம்மா, "இன்றைக்குத்தான். நானல்லவா கையெழுத்து வைத்தேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்பது வெறும் பதிவு; தாலி கட்டினால்தான் கல்யாணம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய மார்ச்சில் கடதாசி அலுவலுக்காக நகரசபையில் எழுத்தை முடித்தோம். சாட்சிக்கு ஆள் இல்லாமல் இந்த அம்மாவைக் கூட்டிப்போனோம். நாங்கள் வேலை உடுப்போடு நின்றோம். அவரோ தொப்பி போட்டுப் பூங்கொத்தோடு வந்திருந்தார். ஆகஸ்டில் ஒடென்சேயில் மண்டபம் எடுத்து, எங்கள் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுத் தாலி கட்டினோம். இவரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"என்னப்பா சொல்லுறது?" என்று கணவர் என் பக்கம் திரும்பினார்.

"மறந்துபோனன் எண்டு சொல்லுங்கோ."

மனிதர் மறுபேச்சில்லாமல் அப்படியே சொன்னார். கல்யாண நாளை மறந்த புருஷனைப் பார்த்து வாசலே சிரித்தது. பாட்டை முதலிலிருந்து பாடினார்கள்.

வீட்டில் பாண் இல்லை. இரவு மிஞ்சிய புட்டைச் சூடாக்கி, சீனியும் வாழைப்பழமும் வைத்தேன். அந்த அம்மா சாப்பிட்டபடியே மற்றவர்களுக்கு எங்கள் கல்யாணத்தை விவரித்தார். மணமகள் அழுதாளாம்.

அழுதது உண்மைதான். என் பக்கத்து ஆள் ஒருத்தரும் இல்லையே என்று அழுதேன். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த அம்மாதான்.