பாதம் கழுவப் போன இடத்தில்

எங்கள் சபையின் கோடைக்கால முகாம் அந்த வருஷம் வால்பாறையில், ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் நடந்தது. மூன்று நாள். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் நாற்பது பேர். தலைப்பு, விசுவாசமும் சமூக நீதியும். நான் கோவையில் கணக்கு டீச்சர். கால அட்டவணை போட என்னை விட்டால் ஆளில்லை என்று ஆயர் நம்பினார். நானும் நம்பினேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அதற்கு நான் நேரம் ஒதுக்கியிருக்கவில்லை. முகாம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

சமையலுக்கு ஒரே ஒரு அக்கா. ஐம்பது வயசிருக்கும். உடுமலைப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். புருஷன் போன பிறகு, பங்களாவுக்குக் கூட்டம் வந்தால் சமைத்துப் போடுகிறார். அதிகம் பேச மாட்டார்.

இரண்டாம் நாள் காலையில், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும் தேவராஜ்யத்தைப் பற்றி ஆயர் பேசினார். நன்றாகவே பேசினார். முடித்துவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். வழக்கமாக யாரும் கேட்க மாட்டார்கள். அவிநாசியிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். கண்ணாடி போட்டவள், அதுவரை வாயே திறக்காதவள்.

"ஐயா, போர்டுல ஒண்ணேகாலுக்கு மதிய உணவுன்னு போட்டிருக்குதுங்க. ரெண்டரைக்கு சமையலர் உணவுன்னு தனியாப் போட்டிருக்குதுங்க. அது ஏனுங்க?"

ஆயர் என்னைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அந்த வரியை எழுதியது நான்தான். ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தேன்.

"அவங்க பரிமாறோணுமில்ல கண்ணு" என்றேன்.

"நாங்களே பரிமாறிக்க மாட்டமுங்களா டீச்சர்?"

சண்டைக்கு இழுக்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் ஆயரைப் பார்த்தேன்.

ஆயர் நல்ல மனுஷர், சீக்கிரம் கண் கலங்கிவிடுவார். சாயந்தரம், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் பாதம் கழுவும் ஆராதனை இருந்தது. நாங்கள் பிள்ளைகளின் பாதங்களைக் கழுவுவதாக ஏற்பாடு. "முதல்ல சமையல் அக்கா பாதத்தைத்தான் நான் கழுவப் போறேன்" என்று அங்கேயே அறிவித்துவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு நான் போய்க் கூப்பிட்டபோது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். என்னமோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். ஹாலின் நடுவே நாற்காலி. நுனியில் உட்கார்ந்தார். ஆயர் முட்டி போட்டு, தண்ணீர் வைத்திருந்த பேசினுக்குள் விட்ட கையைச் சட்டென்று வெளியே எடுத்தார். வால்பாறைத் தண்ணீர் அப்படி.

"ஏனுங்க ஐயா, வெந்நி வெச்சுக் கொண்டாரட்டுங்களா?" என்று அக்கா எழுந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. உங்க பாதத்தைத்தான் கழுவப் போறேன்."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். "காலு சுத்தமாத்தானுங்க இருக்குது. விடிஞ்சதுல இருந்து தண்ணிக்குள்ளதானுங்க நிக்கறேன்."

அது உண்மை. விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. சமையலறைக்குப் பின்னால் சாக்கடை அடைத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு நாளாக அதைத் தாண்டித்தான் நான் டீ வாங்கப் போய்வந்தேன்.

ஆயர் துண்டும் கையுமாக அப்படியே இருந்தார். "அப்ப நாங்க என்னம்மா செய்யட்டும்?"

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கழுவியே ஆகோணும்னா, மூணு அண்டா கெடக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆயர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு முன்னால் நடந்தார். சாக்கடை அடைப்பை மூங்கில் குச்சியால் குத்தி எடுத்தது அந்த அவிநாசிப் பெண். ஆயருக்கும் எனக்கும் சேர்த்து சாம்பார் அண்டா, அடிப்பிடித்தது. அரை மணி நேரம் தேய்த்துவிட்டுக் காட்டினோம். அக்கா உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னொருக்காத் தேச்சுப்போடுங்க."

தேய்த்தோம். அன்றைய தியானம் ரத்தானது.

மறுநாள் அட்டவணையில் ரெண்டரை மணி வரியை அடித்துவிட்டேன். பிள்ளைகளே பரிமாறினார்கள். சாம்பார் ஒரு பங்கு இலைக்கும் ஒரு பங்கு தரைக்கும் போனது. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிடுவதற்குள் ஆறு தடவை எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்களோட உக்காந்து சாப்பிடறது பிடிக்கலீங்களாக்கா?"

"பிடிச்சிருக்குதுங்க டீச்சர். பொரியலுக்குத்தான் உப்புப் பத்தலை. ஆறிப்போனதையே தின்னுட்டு இருந்தனுங்களா, தெரியாமப் போச்சு."

நான் உப்பைத் தேடி எழுந்து போனேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்கா போன் செய்தார். பொள்ளாச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம். தெரிந்தவர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் எழுதினேன், ஆயரும் கையெழுத்துப் போட்டார். விடுதி வார்டன் என்னைக் கூப்பிட்டு, ஆள் எப்படி என்று விசாரித்தார். கண்டிப்பானவர் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

சேர்ந்து ஒரு மாசம் கழித்து அக்கா மறுபடியும் பேசினார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். பொள்ளாச்சி வெயில் தாங்க முடியவில்லை என்றார்.