பலகை மாட்ட ஒரு சுவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை கோச்சடையில் நான் குடியிருந்தபோது நடந்தது இது. அப்போது நானும் என் நண்பரும் ஒரே லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். அவர் என்னைவிட மூன்று வயது இளையவர். அவர் ஊர் அழகர்கோவில் சாலையில் ஒரு கிராமம். அவர் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள்.

பம்பு செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு வாஷர் செய்து தர இருவரும் கேட்டிருந்தோம். "கம்பெனியாகப் பதிவு செய்து வாருங்கள், ஆர்டர் தருகிறோம்" என்றார்கள். எங்கள் இரண்டு குடும்பமும் அந்த ஆர்டரைத்தான் நம்பி இருந்தது.

பிள்ளைகளே, கம்பெனி பதிவு செய்வது கடைக்குப் பெயர் வைப்பது போல இல்லை. முதலில் பெயருக்கு அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் விரும்பிய இரண்டு பெயர்களும் வேறு யாரோ வைத்துவிட்டார்கள் என்று திரும்பி வந்தன, மூன்றாவது கிடைத்தது. பிறகு, என்ன தொழில், எப்படி நடத்துவோம் என்று அச்சடித்து, அதில் எங்கள் பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் எங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு பேர் போதும். நாங்கள் இருவரும் போட்டோம்.

பதிவுப் பாரங்களைத் தயாரித்துத் தந்த ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். "இனிமே இந்தக் கம்பெனி தனி ஆள். இது பேர்ல சொத்து வாங்கலாம், கேஸ் போடலாம். நீங்க ரெண்டு பேரும் செத்தாலும் இது சாகாது."

"அப்ப இது என்ன சாதி சார்?" என்றார் நண்பர்.

ஆடிட்டர் சிரித்துவிட்டார். "அந்தக் கேள்வி எந்தப் பாரத்துலயும் இல்லப்பா."

மெட்ராஸிலிருந்து சான்றிதழ் வந்தது. கம்பெனிக்கு ஒரு விலாசம் வேண்டும், அதன் வாசலில் பெயர்ப் பலகை தொங்க வேண்டும் என்பது சட்டம். நான் குடியிருந்த வீட்டின் முன்னறையையே கேட்டேன். வீட்டுக்காரர் முகம் மலர்ந்து சம்மதித்தார். அவரே ஏணி கொண்டுவந்து தந்தார். இருவரும் பட்டறை வேலையை விட்டிருந்தோம். நண்பர் தினமும் வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அவரு எந்தத் தெருன்னு நேத்துதான் தெரிஞ்சுச்சு. பலகையக் கழட்டிருங்க."

"அதுல என்னய்யா இருக்கு?"

"வேலைக்கு வந்தா ஒண்ணுமில்ல. மொதலாளியால்ல உக்காந்திருக்காரு. நாளைக்கு எங்க சனம் என்னைய என்ன கேக்கும்?"

அவர் கோபப்படவே இல்லை. காபி குடிச்சிட்டுப் போங்க என்றும் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கே.கே. நகரில் அறை தேடினோம். படித்தவர்கள் இருக்கும் இடம் என்று நம்பிப் போனேன். எல்லா வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கடைசியில், "கூட இருக்கவரு யாரு?" என்று ஒரு கேள்வி வரும். அதோடு வாடகைப் பேச்சு நின்றுவிடும். பலகையைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு திரிந்தோம்.

"அண்ணே, என் கையெழுத்த எடுத்துருங்க. உங்க மச்சினனப் போட்டுக்கங்க" என்றார் நண்பர் ஒரு நாள்.

"கிறுக்கா உனக்கு? வண்டிய உருட்டு" என்றேன்.

வேறு வழியில்லாமல் கிராமத்தில் இருந்த அவர் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்தோம். அவர் மனைவி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். தெருவே கூடி நின்று பலகையைப் பார்த்தது. "பெரிய மொதலாளி, எங்களுக்கும் வேல போட்டுத் தருவீகளா?" என்று ஒருவர் கேலி பேசினார். அன்று மட்டும் நண்பர் வாய்விட்டுச் சிரித்தார்.

இடத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகத் தொழிற்சாலை அதிகாரி ஜீப்பில் வந்தார். நான் அவரை அழைத்துப்போகச் சாலையோர டீக்கடையில் காத்திருந்தேன். நான் எழுந்து வருவதற்குள் அவர் கடைக்காரரிடம் விலாசம் கேட்டுவிட்டார். "காலனித் தெருவா சார்?" என்றார் கடைக்காரர். அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னொரு நாள் வாரேன்" என்றார். சுண்ணாம்பு அடித்த சுவர் அங்கிருந்தே தெரிந்தது. அவர் வரவே இல்லை. ஆர்டரும் வரவில்லை.

நண்பர் பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டு, குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போனார். நான் பழைய பட்டறைக்கே திரும்பினேன். வருடா வருடம் அனுப்ப வேண்டிய கணக்கை நாங்கள் அனுப்பவில்லை; பதிவேட்டிலிருந்து கம்பெனியின் பெயரை அடித்துவிட்டார்கள். நாங்கள் செத்தாலும் சாகாது என்று ஆடிட்டர் சொன்ன அந்த ஆள், எங்களுக்கு முன்பே போய்விட்டது.

சாதி கேட்காத பாரங்களில் இருவரும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டோம். ஆனால் அந்தப் பலகையை மாட்ட ஒரு சுவர் தராத ஊரில்தான் உங்களை வளர்க்கிறேன் என்ற நினைப்பு, இன்றும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.