அம்மா சாப்பிடாத பலாச்சுளை

அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதனாலேயே மீட்டர் காட்டுவதைச் சட்டென்று நம்பிவிடுவேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில், போன பலாப்பழ சீசனில், அந்தப் பழக்கம் ஆபத்தில் முடியப் பார்த்தது.

அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவள். அன்று காலை ஊசி போட்டபின், சக்கை வரட்டி என்ற வெல்லப் பலா இனிப்பைக் கிளறுவதற்காகப் பலாப்பழம் உரித்தாள். பசை போகத் தேங்காயெண்ணெய் தடவிக் கையைத் துடைத்துவிட்டு வந்து, "தலை சுத்தறதுடீ" என்றாள். விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தேன். மீட்டர் முந்நூற்றுக்கு மேல் காட்டியது.

"எத்தனை சுளை உள்ளே போச்சும்மா?"

"சத்தியமா ஒண்ணுகூட இல்லை. பாதியைத் தின்னது உன் அப்பா."

நான் நம்பவில்லை. சர்க்கரை ஏறினால் போடச் சொல்லி டாக்டர் தந்திருந்த கூடுதல் இன்சுலினை எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். ஃபேனடியிலும் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"டிபன் சாப்பிட்டியா?"

"கிளறி முடிச்சுட்டு சாப்பிடலாம்னு இருந்தேன்."

சோப்பு போட்டுக் கைகழுவச் சொல்லி, வேறு விரலில் பார்த்தேன். ஐம்பத்தைந்து. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டாக்டர் பிறகு விளக்கினார். விரலில் ஒட்டியிருந்த பழச்சர்க்கரை ரத்தத்துளியில் கலந்திருக்கிறது. ஊசி போட்டும் சாப்பிடாததால் உண்மையில் சர்க்கரை இறங்கிப் போயிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சேமிப்பை வெளியே எடுக்கப் பார்க்குமாம். வேர்வையும் நடுக்கமும் அதனால்தான்.

இப்போது கைகழுவித் துடைத்தபின்தான் குத்துகிறேன். மீட்டரும் உடம்பும் வேறுவேறாகச் சொன்னால், மறுபடி பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை. அம்மாவும் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டுச் சொல்கிறாள்: "மொதல்ல கையைப் பாரு. அப்புறமா என்னைச் சந்தேகப்படு."