நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட என் நம்பிக்கை

மலேசியாவில் பீடோர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். என் மனைவி பாக்கியத்துக்கு அப்போது ஏழாம் மாதம். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேலையோடு வீடும் உண்டு என்றார்கள்.

அதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருக்கிறேன். காம்பாரில் ஈயச் சுரங்கத்தில் மண் அள்ளியிருக்கிறேன். லாரியில் மூட்டை ஏற்றி ஊர் சுற்றியிருக்கிறேன். எங்கும் என்னை எழுதச் சொன்னதில்லை. இங்கே மேனேஜர் தைப்பிங் ஊர்த் தமிழர். வெள்ளைத் தாள் ஒன்றை நீட்டினார்.

"வாழ்க்கையில நீ எதை நம்புற? ஒரு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டா. எனக்கு ஆளு மனசு தெரியணும்லா."

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தும் ஐந்து வரி எழுதிவிட்டேன். உழைத்தால் சோறு உண்டு. குடித்திருப்பவனோடு வாதாடக் கூடாது. கடவுள் இருக்கிறார், ஆனால் எங்கள் தோட்டத்துப் பக்கம் அதிகம் வருவதில்லை. இப்படி.

பெயரை எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. தோட்டத்து ஆபீசுக்குப் போகும் எந்த மனுவிலும் ஒற்றைக் கையெழுத்து இருக்காது. தண்ணீர்க் குழாய் கேட்டாலும் லயமே சேர்ந்து போடும். ஒருவன் மட்டும் போட்டால் மறுநாளே அவனை மலைச்சரிவில் பால் வெட்ட அனுப்பிவிடுவார்கள். அதனால் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

பக்கத்து வீட்டுக் கறுப்பையா அண்ணன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடவுள்னா எந்தக் கடவுள்? முனியாண்டி பேரு இல்லாம நான் போட மாட்டேன் தம்பி. வரமாட்டாருன்னு வேற எழுதியிருக்க!"

அந்த வரியை அடித்துவிட்டு முனியாண்டியைச் சேர்த்தேன். மாரியம்மன் கோயில் பூசாரி கோபித்துக்கொண்டதால் அம்மனை முனியாண்டிக்கு மேலே எழுதினேன். கள் குடிப்பவர்கள் இரண்டாம் வரியை எடுக்கச் சொன்னார்கள். மற்ற வரிகளையும் ஆளுக்கொரு பக்கம் திருத்தினார்கள். பாக்கியம் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஒரே பொண்டாட்டிதான்னு எங்க எழுதியிருக்கீங்க?"

"அது எதுக்கு இதுல?"

"அப்ப என் கையெழுத்து இல்ல."

எழுதினேன். கடைசி வீட்டுப் பெருமாள் தலையைச் சொறிந்தார்.

"மச்சான், எனக்கு ரெண்டு இருக்குதுலா. நான் எப்படிப் போடுறது?"

'முடிந்தவரை' என்று சேர்த்த பிறகு அவரும் போட்டார். என்னுடையது போக மொத்தம் நாற்பது கையெழுத்து.

வெள்ளிக்கிழமை மேனேஜர் படித்தார்.

"முடிந்தவரை ஒரே பொண்டாட்டி... என்னய்யா இது, யூனியன் மனுவா?"

"என் நம்பிக்கைதாங்கய்யா. அவங்களுக்கும் சம்மதம்."

"இதுல உன்னோடது எது?"

தேடிப் பார்த்தேன். என் ஐந்து வரியில் ஒன்றுகூட உருப்படியாக மிஞ்சவில்லை. அவர் தாளை மடித்து என்னிடமே தள்ளினார்.

"சரி, நீ போலாம்."

வீட்டுக்குப் போய் பாக்கியத்திடம் என்ன சொல்வது? இன்னொரு தாள் கேட்டேன். நின்றபடியே ஒரு வரி எழுதினேன்: 'தனியாகக் கையெழுத்துப் போட எனக்குப் பயம்.' கீழே நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஜாகா வேலைக்கு வந்துட்டுப் பயம்னு எழுதுறியே!"

"பயந்தவன்தான் ஐயா தூங்க மாட்டான்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"திங்கக்கிழமை வந்துரு. பொண்டாட்டிய மட்டும் கூட்டிட்டு வா. மத்த முப்பத்தொன்பது பேருக்கு இங்க வீடு இல்ல."

அந்த வீட்டில்தான் என் மூத்த மகள் பிறந்தாள். வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் நம்புவதை எழுதச் சொன்னால், மை காய்ந்ததும் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வழியில் யாரிடமும் காட்டாதீர்கள்.